சுளுக்கு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்: மணிக்கட்டில் அடிபட்டவர்கள் கவனிக்கவும்

சென்ற ஐப்பசி மழையில் மாடிப்படியில் வழுக்கி, வலது உள்ளங்கையை ஊன்றி விழுந்தேன். கட்டை விரலின் அடியில் விண்விண்ணென்று தெறிக்கவே, அன்று மாலையே தெருமுனை கிளினிக்கிற்குச் சென்றேன். அங்கிருந்த மருத்துவர் கையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "எலும்பு நல்லாத்தான் இருக்கு, வெறும் சுளுக்கும்மா" என்றார். வலிக்கு ஓர் ஊசி, ஐந்து நாள் மாத்திரை, ஒரு கிரேப் பேண்டேஜ், எல்லாமாக 1,400 ரூபாய். மறுபடி எப்போது வர வேண்டும் என்று கேட்டதற்கு, தேவையில்லை என்றார்.

வீக்கம் வடிந்தது, வலியும் தணிந்தது, ஏமாந்தது அதனால்தான். நான்காம் மாதம் தோசைக்கல்லைக்கூடத் தூக்க முடியாமல் எலும்பு மருத்துவரிடம் போனேன். அவர் பழைய படத்தைக் கேட்பதற்கு முன்பே கட்டை விரலை விறைப்பாக நீட்டச் சொல்லி, அதன் அடியில் இரு தசைநாண்களுக்கு நடுவே விழுந்த குழியில் விரல் நுனியால் அழுத்தினார். உயிர் போய் வந்தது. (மருத்துவ நூல்களில் அந்தக் குழிக்கு மூக்குப்பொடி டப்பாவின் பெயராம்.)

கையூன்றி விழுந்தவருக்கு அந்த இடத்தில் வலித்தால், எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாவிட்டாலும் மணிக்கட்டில் கட்டை விரல் பக்கமுள்ள ஸ்கேபாய்டு என்ற சிறு எலும்பு முறிந்திருக்கலாம் என்றே கொண்டு, மாவுக்கட்டோ ஸ்பிளிண்டோ போட்டு, 10 முதல் 14 நாட்களில் திரும்ப வரச்சொல்லிப் பார்ப்பது பாலபாடம் என்றார் அவர். முந்திரிக்கொட்டை அளவேயான அந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கமாக நுழைந்து முன்கைப் பக்கம் திரும்பி ஓடுவதால், நடுவில் முறிந்து கவனிக்காமல் விட்டால் முன்கைப் பக்கத்துத் துண்டு ரத்தமின்றிச் செத்துவிடக்கூடும். கையைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்து எடுக்க வேண்டிய படமும் எனக்கு எடுக்கப்படவில்லை. நீங்களாவது கேட்டு வாங்குங்கள். இப்போது என் இடுப்பெலும்பிலிருந்து சிறு துண்டை எடுத்து, முறிந்த இடத்தில் வைத்துத் திருகாணி பூட்டியிருக்கிறார்கள்.

கிளினிக்கில் போய்ச் சொன்னபோது, "படத்தில் தெரியாததற்கு நான் என்னம்மா செய்ய முடியும்?" என்றார். முதல் நாள் படத்தில் விரிசல் தெரியாமல் போவது சகஜம்தான். அதற்காக நான் அவரைக் குறை கூறவில்லை. ஆனால் அவர் எழுதிக்கொடுத்த சீட்டில் சுளுக்கு என்பதைத் தவிர, கையில் எந்த இடத்தில் வலிக்கிறது என்றுகூட இல்லை.