41,000 கிலோமீட்டரும் ஒரு ஸ்டாண்டு சுவிட்சும்

நான் ஓட்டுகிற அட்வெஞ்சர் மோட்டார் சைக்கிளின் (தார் ரோடு, மண் ரோடு இரண்டுக்கும் ஆன ரகம்) விலையைப் போன வாரம் இறக்கிவிட்டார்கள். நான் 2022 மார்ச்சில் 15,800 மலேசிய வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து எடுத்த அதே வண்டி இப்போது 13,500. எங்கள் செம்பனை எண்ணெய் ஆலையில் பழக்குலைகளின் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கும் தம்பி ஒருவர் கைப்பேசியில் விளம்பரத்தைக் காட்டி, "அண்ணே, இப்ப எடுக்கலாமா? நீங்கதான் இத்தனை வருசமா ஓட்டுறீங்களே" என்று கேட்டார். அவர் கேட்ட நேரம் சரியில்லை. அதற்கு இரண்டு நாள் முன்புதான் இரவு ஷிஃப்ட்டுக்குப் போகிற வழியில், செம்பனைக் காட்டுக்கு நடுவில், கொட்டுகிற மழையில் வண்டி என்னை மூன்றாவது முறையாக நிறுத்தி வைத்திருந்தது. "பொறு தம்பி, யோசித்து எழுதித் தருகிறேன்" என்றேன். அவருக்கு எழுதியதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன்.

வண்டியின் விவரமெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கிறது. ஒற்றை சிலிண்டர், ஆறு கியர், மூன்று பெட்டி. நம் ஆட்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது பி2 லைசென்ஸ். அதை வைத்துக்கொண்டு 250 சிசிக்கு மேல் ஓட்ட முடியாது. அந்த வரம்புக்குள் ஒரு அட்வெஞ்சர் வண்டி, அதுவும் ஜப்பான் வண்டிகளைவிடப் பல ஆயிரம் வெள்ளி குறைவாக என்றதும்தான் நான் போய்ப் பார்த்தேன். விற்பவர்கள் சின்ன நிறுவனம். கோலாலம்பூர் பக்கம் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு கடைவீட்டு வரிசையில் இரண்டு கதவு, ஆறேழு பேர். சீனாவிலிருந்து வண்டியை இறக்கி, தங்கள் பெயரைப் போட்டு விற்கிறார்கள். நான் இருக்கும் பேராக் மாநிலத்தில் கிளை கிடையாது. தெரிந்துதான் வாங்கினேன்.

சுங்கை சிப்புட் டவுனில் என் வீட்டிலிருந்து ஆலைக்கு 17 கிலோமீட்டர். கடைசி ஆறு கிலோமீட்டர் தோட்டத்துச் செம்மண் ரோடு. வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் வேகவைத்துவிட வேண்டும், தள்ளிப்போனால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். அதனால் விளைச்சல் கூடுகிற மாதங்களில் ஆலை இரவும் பகலும் ஓடும், குலை லோரிகளும் கூடவே ஓடும். லோரியிலிருந்து சிந்திய உதிரிப் பழங்கள் டயரில் நசுங்கிச் செம்மண்ணோடு கலந்துவிடும். அதன்மேல் ஒரு மழை பெய்தால் ரோடு முழுக்க எண்ணெய் தடவிய மாதிரிதான். இந்த வழியில் 12 வருடம் கப்சாயில், அதாவது சின்ன மோட்டார் சைக்கிளில், போய் வந்தவன் நான். இரண்டு முழங்காலிலும் தழும்பு இருக்கிறது.

இந்த வண்டி வந்த பிறகு ஒருமுறைகூட அந்த ரோட்டில் விழவில்லை. இதைப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். முதல் கியரில், கிளட்ச்சைத் தொடாமல், மனிதன் நடக்கிற வேகத்தில் சேற்றை உழுதுகொண்டு போகும். காலூன்றி எழுந்து நின்றால் ஹேண்டில் சரியாகக் கைக்கு வரும். முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறுவது தோளுக்குத் தெரியாது. அதிகாலை ஷிஃப்ட் முடிந்து திரும்பும்போது, மரங்களுக்கிடையில் பனிமூட்டம் தரையோடு கிடக்கும். விளக்கைத் தாழ்த்திக்கொண்டு நின்றவாக்கில் ஓட்டி வருவேன். போய்லர் சூட்டில் எட்டு மணி நேரம் நின்ற உடம்புக்கு அந்தக் காற்று எப்படி இருக்கும் என்று ஆலைக்காரர்களுக்குத் தெரியும். கப்சாயில் அந்த ஆறு கிலோமீட்டர் எனக்குப் பயம். இப்போது நாளில் எனக்குப் பிடித்த நேரமே அதுதான்.

பெட்ரோல் லிட்டருக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கொடுக்கிறது. போக வர 34 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டருக்குச் சற்றுக் கூட ஆகும், அவ்வளவுதான். பிளஸ் நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு டோல் கிடையாது என்பதால் தூரப் பயணமும் கட்டுப்படியாகிறது. பெட்டிகளில் வலப்பக்கத்தது புகைக்குழாய்க்கு இடம் விட்டுக் குறுகலாகச் செய்திருக்கிறார்கள். ஐந்து கிலோ அரிசிப்பை இடப்பக்கம் இரண்டு போகும், வலப்பக்கம் ஒன்றுதான். தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக்கு அம்மாவை ஏற்றிக்கொண்டு போனேன். உயரம் அதிகம், வாசல் திண்ணையில் நின்றுதான் ஏறினார். ஏறிய பிறகு, "கார் சீட்டு மாதிரி இருக்குடா" என்றார்.

சரி, இனி சுவிட்ச்.

இடப்பக்க ஸ்டாண்டு மடங்குகிற ஆணிக்குப் பக்கத்தில், கால்மிதிக்குக் கீழே, கட்டைவிரல் அளவில் ஒரு கருப்பு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதிலிருந்து ஒரு சின்ன முளை நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்டாண்டை மடக்கினால் அந்த முளை அழுந்தி, உள்ளே இரண்டு தகடு ஒட்டும், மின்சுற்று சேரும். ஸ்டாண்டு கீழே இருக்கும்போது கியர் போட்டால் சுற்று அறுந்து இஞ்சின் நின்றுவிடும். ஸ்டாண்டை மடக்க மறந்து கிளம்புகிறவரைக் காப்பாற்றுவதற்கான ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஜப்பான் வண்டிகளிலும் இருக்கிறது. ஆனால் என் வண்டியில் முளையைச் சுற்றி ரப்பர் உறை இல்லை. முன்சக்கரம் வாரியிறைக்கிற செம்மண் குழம்பு நேராக அங்கேதான் போய் அடிக்கும். அது காய்ந்து இறுகும், முளை பாதியில் சிக்கும், ஸ்டாண்டு கீழே இருக்கிறது என்று வண்டி நம்பிவிடும். நியூட்ரலில் ஸ்டார்ட் ஆகும், கியரைத் தட்டியதும் செத்துவிடும். மண் சாலைக்கென்று விற்கிற வண்டியில், மண் படக்கூடாத ஒரு பொருளை மண் நேராக வந்து விழுகிற இடத்தில் வைத்திருக்கிறார்கள். மூன்றரை வருடமாக எனக்கு இது ஆறவில்லை.

முதல் முறை நின்றது கிரிக்கிலிருந்து ஜெலி போகும் நெடுஞ்சாலையில். நண்பர்கள் மூன்று பேரோடு அந்த வழியில் இருக்கும் பண்டிங் தீவுக்குப் போயிருந்தோம். யானை கடக்கும் இடம் என்று பலகை வைத்திருக்கிற ரோடு அது. மாலை ஆறே முக்கால், தூறல், மேட்டில் மூன்றாவது கியரில் ஏறிக்கொண்டிருந்தபோது இஞ்சின் ஒரு விக்கல் விக்கி நின்றது. பின்னால் வந்த டிரெய்லர் ஹார்ன் அடித்தபடி ஒதுங்கிப் போனது. பெட்ரோல் இருக்கிறது, பேட்டரி இருக்கிறது. நியூட்ரலில் பிடிக்கிறது, கியரில் நிற்கிறது. ஆலையில் பதினைந்து வருடமாக மோட்டாரையும் ஸ்டார்ட்டரையும் பார்க்கிறவன் என்பதால் பாதுகாப்புச் சுவிட்ச் ஏதோ வேலையைக் காட்டுகிறது என்று புரிந்தது. குடிதண்ணீரை ஊற்றி மண்ணைக் கரைத்து, சுவிட்ச் முளையை விரலால் முப்பது நாற்பது தடவை அழுத்தி அழுத்தி விட்டேன். கியர் போட்டேன், நின்றது. மறுபடி அழுத்தினேன். இருட்டி முக்கால் மணி நேரம் ஆன பிறகுதான் வண்டி நகர்ந்தது.

ஊர் வந்ததும் நிறுவனத்துக்கு எழுதினேன். வாரண்டியில் தருகிறோம், ஆனால் கையிருப்பு இல்லை, அடுத்த கண்டெய்னரில் வரும் என்றார்கள். ஏழு வாரம். 38 வெள்ளி சாமான் ஒன்றுக்கு ஏழு வாரம் கப்சாயில் வேலைக்குப் போனேன்.

டவுனில் எனக்குத் தெரிந்த பட்டறை அண்ணன் பார்த்துவிட்டு, "இதுக்கா தம்பி இவ்வளவு கஷ்டப்படுற? ரெண்டு வயரையும் வெட்டி முடிச்சுப் போட்டா தீர்ந்துச்சு. எல்லாரும் அதான் செய்றாங்க" என்று கட்டரை எடுத்தார். உண்மைதான், பலரும் அதைத்தான் செய்கிறார்கள். நான் வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். என் மச்சான் ஓட்டிய பழைய கப்சாயில் இந்தச் சுவிட்ச் கிடையாது. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) வாசலில் இருந்து அவசரமாகக் கிளம்பியவர் ஸ்டாண்டை மடக்கவில்லை. நேர் ரோட்டில் ஒன்றும் ஆகவில்லை. மதகுப் பாலத்தில் இடப்பக்கம் சாய்ந்து திரும்பியபோது ஸ்டாண்டு தரையில் ஊன்றி வண்டியைத் தூக்கி எறிந்தது. தோள் எலும்பு உடைந்து நாலு மாதம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போகவில்லை. அவரை வாய்க்காலிலிருந்து தூக்கியவர்களில் நானும் ஒருவன். அந்த வயரை நான் வெட்டமாட்டேன்.

இரண்டாவது முறை ஒரு வருடம் கழித்து. சுவிட்சைக் கழற்றித் திறந்தேன். உள்ளே செப்புத் தகட்டில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால், முளையை அழுத்தும்போது சுற்று சேர்ந்ததைக் காட்டும் சத்தம் ஒரு நேரம் வருகிறது, ஒரு நேரம் வரவில்லை. படமெடுத்து இரவு பதினொரு மணிக்கு நிறுவனத்தின் எண்ணுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் அழைப்பு வந்தது. பேசியவர் தவுக்கேயே, அதாவது நிறுவனத்தின் முதலாளியே. எங்கே மண் நுழைகிறது, தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிறாயா, ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் செம்மண்ணில் ஓட்டுகிறாய் என்று மலாயில் முக்கால் மணி நேரம் கேட்டார். அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சினால் உள்ளே நீர் இறங்கும் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "எசோக் சாயா போஸ்" என்றார். நாளைக்கே அனுப்புகிறேன் என்றவர் சொன்னபடி அனுப்பினார், மூன்று நாளில் வந்தது. இரண்டு சுவிட்ச்; ஒன்று மாட்ட, ஒன்று கையில் வைத்துக்கொள்ள. காசு கேட்கவில்லை. பெரிய நிறுவனத்தில் முதலாளி இரவு பதினொரு மணிக்கு ஒரு ஆலைத் தொழிலாளியின் அழைப்பை எடுப்பாரா? இதை நான் மறக்கவில்லை, கோபமாக இருக்கும்போதும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் அவரிடம் ஒன்று கேட்டு இன்னும் கிடைக்கவில்லை: வயரிங் படம். வண்டியோடு வந்த கையேட்டில் தலைக்கவசம் அணியுங்கள், டயர் காற்றைப் பாருங்கள் என்பதைத் தவிர ஒன்றுமில்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் அசூசா என்ற ஊரில் சிஎஸ்சி என்று ஒரு சின்ன நிறுவனம் இருக்கிறது. சீனாவின் சோங்சிங்கில் சோங்ஷென் நிறுவனம் செய்கிற ஆர்எக்ஸ்3 என்ற 250 சிசி அட்வெஞ்சர் வண்டியை அங்கே கொண்டுவந்து விற்றவர்கள். என் வண்டி அது இல்லை, ஆனால் ரகம் ஒன்றுதான். ஊருக்கு ஊர் கிளை இல்லாததால், வாங்கியவர் தன் வீட்டிலேயே செய்துகொள்ளட்டும் என்று பராமரிப்பு வேலைகளைப் படம்படமாக விளக்கி எழுதிப் போட்டார்கள். வால்வு இடைவெளி சரிபார்க்கும் முறையை நான் புரிந்துகொண்டது அங்கேதான்; அளவுகளை மட்டும் எங்கள் தவுக்கேயிடம் கேட்டுக்கொண்டேன். கிளை வைக்க வசதியில்லாத நிறுவனம் செய்ய வேண்டியது இதைத்தான். ஒரே ஒரு தாள் போதும். எந்த நிற வயர் எங்கே போகிறது என்பதை மீட்டரை வைத்து நானே தேடி, மகளின் கணக்கு நோட்டில் வரைந்து வைத்திருக்கிறேன். அதைப் படமெடுத்து அவருக்கு அனுப்பியும் இருக்கிறேன்.

மூன்றாவது முறை போன வாரம். இரவு ஒன்பதரை, மழை, ஆலைக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர். கையில் மாற்றுச் சுவிட்ச் இருந்தது. தலைவிளக்கை நெற்றியில் கட்டிக்கொண்டு, சேற்றில் அட்டைப்பெட்டி விரித்து மண்டியிட்டு மாற்றினேன். இரண்டு திருகுதான், ஆனால் சுவிட்சின் வயரை மாட்டும் சாக்கெட் பேட்டரிப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. சீட்டையும் பக்கவாட்டுத் தகட்டையும் கழற்றாமல் கை போகாது. இருபத்தைந்து நிமிடம். ஷிஃப்ட்டுக்குத் தாமதம், சட்டை முழுக்க செம்மண். போய்லரில் எனக்காக நின்றுகொண்டிருந்தவர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

தம்பிக்கு என் பதில்: வேண்டாம். 13,500க்கும் வேண்டாம். உங்கள் வீடு தோட்டத்துக்குள் இன்னும் உள்ளே இருக்கிறது, கைக்குழந்தை இருக்கிறது, வீட்டில் வேறு வண்டி இல்லை. ராத்திரியில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கிளினிக்குக்குப் போவதற்கு முன் சுவிட்சைத் தேய்த்துக்கொண்டிருக்க முடியாது. என்னிடம் கப்சாய் இன்னும் இருக்கிறது, மீட்டர் இருக்கிறது, மாற்றுச் சாமான் இருக்கிறது, அதனால் சமாளிக்கிறேன். ரப்பர் உறை போட்ட சுவிட்சோடு புது வண்டிகள் வருகின்றன என்று தவுக்கே எழுதி உறுதி சொன்னால் திரும்பக் கேளுங்கள், அப்போது நானே உங்களோடு வந்து எடுத்துத் தருகிறேன்.

"அப்ப உங்க வண்டியை எனக்குக் கொடுத்துடுங்கண்ணே, நீங்க சரி பண்ணித் தருவீங்கல்ல" என்றார். அதற்கும் மாட்டேன் என்றுதான் சொன்னேன். இன்னும் குறைந்தது ஐந்து வருடம் இதை நான் ஓட்டப் போகிறேன்.

இதே வண்டியை ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு: பழைய லோரி டியூபில் 14 சென்டிமீட்டருக்கு 11 சென்டிமீட்டர் துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். இஞ்சின் அடித்தகட்டின் இடப்பக்கப் பின் திருகில் ஒரு முனையைப் பிடித்து, சுவிட்சுக்கு முன்னால் தொங்கவிடுங்கள். ஸ்டாண்டு மடங்கும்போது ரப்பர் இடையில் சிக்காமல் இரண்டு விரல் இடைவெளி விடவேண்டும். முளையிலும் சாக்கெட்டிலும் சிலிகோன் கிரீஸ் தடவுங்கள். நான் சனிக்கிழமை மாட்டினேன். இதுவரை மூன்று மழை பார்த்துவிட்டது, உள்ளே மண் இல்லை.