டூல்பாக்ஸோடு பறப்பவனின் கணக்கு: பட்ஜெட் விமானமும் ஃபுல் சர்வீஸும்

பேக்கிங் இயந்திரங்களைப் பொருத்துவதும் பழுதுபார்ப்பதும் என் வேலை. கம்பெனி அனுப்பும்போது பெரும்பாலும் ஃபுல் சர்வீஸ் விமானம், அதாவது பெட்டியும் சாப்பாடும் வழக்கமாக டிக்கெட்டிலேயே அடங்கியது. என் காசில் குடும்பத்தோடு போகும்போது பட்ஜெட் விமானம். இரண்டிலும் மாறி மாறி உட்கார்ந்து எழுந்தவன் என்பதால், தெரிந்தவர்கள் யாராவது டிக்கெட் போடும்போது என்னிடம் கேட்பார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொல்வேன்: எல்லாம் ஒழுங்காக நடக்கிற நாளில் பட்ஜெட்டே போதும். ஏதாவது சொதப்புகிற நாளில்தான் நீங்கள் எதற்குக் காசு கொடுத்தீர்கள் என்பது தெரியும்.

முதலில் சீட்டை முடித்துவிடுவோம், எல்லோரும் கேட்பது அதைத்தான். உங்கள் சீட்டின் ஒரு புள்ளியிலிருந்து முன் சீட்டின் அதே புள்ளி வரை உள்ள தூரம் பட்ஜெட் விமானங்களில் சாதாரணமாக 28 முதல் 30 அங்குலம். ஐரோப்பாவின் பட்ஜெட் நிறுவனங்களான ஈஸிஜெட்டில் 29, ரயன்ஏரில் 30. பெரிய நிறுவனங்களின் நெடுந்தூர விமானங்களில் எகானமியில் 31, 32 கிடைக்கும். ஆனால் இரண்டு மணி நேரப் பயணங்களில் அவர்களும் 30-க்கு இறங்கிப் பல நாளாகிறது. என் அனுபவத்தில் காலை விடத் தோள்தான் அதிகம் அவதிப்படுகிறது. அதை முடிவு செய்வது நிறுவனம் அல்ல, விமானத்தின் மாடல். ஏர்பஸ் ஏ320 வகையில் எகானமி சீட் சுமார் 18 அங்குல அகலம், போயிங் 737-இல் சுமார் 17. இந்த ஓர் அங்குலத்துக்காக நான் டிக்கெட் போடும் முன் எந்த விமானம் என்று பார்ப்பேன். சாய்க்க முடியாத சீட் என்று ரயன்ஏரைத் திட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அது வரம். முன்னால் இருப்பவர் திடீரென்று சாய்ந்து என் மடிக்கணினியை நசுக்க மாட்டார்.

பாதுகாப்பைப் பற்றியும் சிலர் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். ஒரு நாட்டில் பதிவான விமான நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் அந்த நாட்டு விமானத்துறை வைத்திருக்கும் விதி ஒன்றுதான். விமானி எத்தனை மணி நேரம் ஓட்டலாம், எஞ்சினை எப்போது கழற்றிப் பார்க்க வேண்டும் என்பதில் பட்ஜெட்டுக்குத் தனிச் சலுகை கிடையாது. டிக்கெட் மலிவு என்பதால் நட்டு போல்ட்டும் மலிவு என்று நினைக்க வேண்டாம்.

அப்படியானால் விலை எங்கே குறைகிறது? இயந்திரக்காரன் என்பதால் இந்தப் பகுதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். தரையில் நிற்கிற விமானம் காசு சம்பாதிக்காது, அவ்வளவுதான் சூத்திரம். 1972-இல் அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் நிறுவனத்திடம் இருந்ததே நான்கு விமானங்கள். பணமுடையில் ஒன்றை விற்க வேண்டி வந்தது. நான்கு விமானத்துக்குப் போட்ட அட்டவணையை மூன்றை வைத்து ஓட்டுவது என்று முடிவு செய்து, இறங்கிய விமானத்தைப் பத்தே நிமிடத்தில் திருப்பி அனுப்பினார்கள். பின்னால் வந்த பட்ஜெட் நிறுவனங்கள் அந்த வழியைத்தான் பிடித்துக்கொண்டன. ரயன்ஏர் இன்றைக்கும் 25 நிமிடத்தைக் குறி வைத்துத்தான் ஓடுகிறது. சீட்டுக்கு முன்னால் வலைப்பை கிடையாது, பாதுகாப்பு அட்டையைச் சீட்டின் முதுகிலேயே ஒட்டிவிட்டார்கள். சுத்தம் செய்ய வேண்டிய இடம் ஒன்று குறைந்தது, நேரம் மிச்சம். கூடவே, முடிந்தவரை ஒரே வகை விமானம். சவுத்வெஸ்ட் என்றால் 737, ஈஸிஜெட் என்றால் ஏ320 குடும்பம். எந்த விமானியும் எந்த விமானத்திலும் ஏறலாம், எந்த மெக்கானிக்கும் எந்த எஞ்சினிலும் கை வைக்கலாம், உதிரிபாகக் கிடங்கும் ஒன்று போதும். ஒரே மாடல் இயந்திரங்கள் வரிசையாக நிற்கிற தொழிற்சாலையில் என் வேலை பாதியாகக் குறைவதை நானே பார்க்கிறேன், அதனால் இதில் எனக்கு மரியாதை உண்டு.

மிச்சப்படுத்துகிற இன்னொரு வழி விமான நிலையம். இங்கேதான் பயணி கணக்குப் போட வேண்டும். பாரிஸ் என்று விற்கப்படும் பட்ஜெட் டிக்கெட் போவே என்ற ஊரில் இறக்கிவிடும், அங்கிருந்து பாரிஸ் சுமார் 85 கிலோமீட்டர். ஃபிராங்க்ஃபர்ட் ஹான் விமான நிலையம் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து 120 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. ஸ்டாக்ஹோமுக்கு ஸ்கவ்ஸ்டா, சுமார் 100 கிலோமீட்டர். டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததைப் பஸ்ஸுக்குக் கொடுத்து, கூடவே அரை நாளையும் கொடுக்க வேண்டியிருக்கும். ஊர்ப்பெயரை மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கட்டாமல், விமான நிலையத்தின் பெயரையும் வரைபடத்தில் தேடிப் பாருங்கள்.

இப்போது லக்கேஜ். என் டூல்பாக்ஸைக் கைப்பையாகக் கொண்டுபோக முடியாது. ஸ்பேனரையும் ஸ்க்ரூடிரைவரையும் பார்த்தால் பாதுகாப்புச் சோதனையிலேயே தூக்கி வைத்துவிடுவார்கள். ஆகவே எனக்கு எப்போதும் ஒரு செக்-இன் பெட்டி உண்டு. ஃபுல் சர்வீஸின் வழக்கமான டிக்கெட்டில் அது அடக்கம். பட்ஜெட்டில் தனி விலை. அந்த விலையும் நிலையாக இருக்காது. டிக்கெட் போடும்போதே வாங்கினால் ஒன்று, பிறகு சேர்த்தால் இன்னொன்று, கவுன்ட்டரில் போய் நின்றால் அதற்கு மேல். பெட்டி, சீட் தேர்வு, சாப்பாடு எல்லாவற்றையும் சேர்த்துக் கடைசிப் பக்கத்தில் வரும் தொகையை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பது ஒரு மனிதனை மட்டும், அவன் முழங்கால்களோடு, தூக்கிப்போகிற விலை. டூல்பாக்ஸ் சேர்ந்தால் பல தடவை இரண்டு டிக்கெட்டும் ஏறத்தாழ ஒரே இடத்துக்கு வந்து நிற்கும்.

கைப்பை அளவு விஷயத்தில் நடக்கும் கூத்தை ஒரு பட்ஜெட் நிறுவனத்தின் கேட்டில் பக்கத்தில் நின்று பார்த்தேன். வரிசையின் ஓரத்தில் ஓர் இரும்புக் கூண்டு. அதில் பை இறங்க வேண்டும், இறங்கினால் மட்டும் போதாது, கையை எடுத்த பிறகும் தானாக உள்ளே உட்கார வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவரின் பையில் துணி வைத்த பகுதி அழகாக இறங்கிவிட்டது, சக்கரங்கள் மட்டும் இரண்டு விரல் அளவு மேலே நின்றன. அவர் அழுத்தினார், திருப்பினார், கடைசியில் உள்ளே இருந்த இரண்டு சட்டைகளை எடுத்து ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டார். சட்டையை எடுத்துவிட்டால் சக்கரம் குறையுமா? ஊழியப்பெண் ஒன்றும் சொல்லவில்லை, கார்டு இயந்திரத்தை மட்டும் நீட்டினார். அவர் பணம் கட்டினார், பை கீழே போனது. போகும் அவசரத்தில் உள்ளே இருந்த பவர்பேங்கை எடுக்கச் சொல்லி இன்னொரு கலாட்டா. தனியாக வைக்கும் லித்தியம் பேட்டரிகள் சரக்கறைக்குப் போகக் கூடாது என்பது எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான விதி. பட்ஜெட்டில் பை கடைசி நேரத்தில் கீழே போக வாய்ப்பு அதிகம், அதனால் பவர்பேங்கைச் சட்டென்று கைக்கு வருகிற இடத்தில் வையுங்கள். பை வாங்கும்போது கடைக்காரர் சொல்லும் அளவை நம்பாதீர்கள். சக்கரம், கைப்பிடி எல்லாம் சேர்த்து டேப் வைத்து அளந்து வாங்குங்கள்.

பெரிய நிறுவனங்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. ஜெர்மனியின் லுஃப்தான்சா 2015-லேயே ஐரோப்பியப் பயணங்களுக்குப் பெட்டி இல்லாத 'லைட்' டிக்கெட்டைக் கொண்டுவந்தது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2017-இல் குறுந்தூர எகானமியில் இலவசச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு விற்க ஆரம்பித்தது, பிற்பாடு தண்ணீரும் கொஞ்சம் நொறுக்குத்தீனியும் மட்டும் திரும்பி வந்தன. இரண்டு பெட்டி இலவசம் என்று பல்லாண்டு பெருமை பேசிய சவுத்வெஸ்ட்டும் 2025 மே மாதக் கடைசியில் பெரும்பாலான பயணிகளுக்கு அதை நிறுத்திவிட்டது. ஆகவே பெரிய பெயரின் மிகக் குறைந்த டிக்கெட்டை வாங்கிவிட்டு, எல்லாம் கிடைக்கும் என்று போய் நிற்காதீர்கள். அது பட்ஜெட் டிக்கெட்தான், வால் பகுதியில் வேறு சின்னம் வரைந்திருக்கும், அவ்வளவே.

சரி, அப்படியானால் ஃபுல் சர்வீஸுக்கு ஏன் கூடுதல் காசு? இடையில் விமானம் மாறிப் போகும் கனெக்‌ஷனுக்காக. என்னைப் பொறுத்தவரை ஒப்பீட்டின் உயிர் இதில்தான் இருக்கிறது.

ஒரு வேலைக்காகப் போனபோது முதல் விமானம் இரண்டு மணி நேரம் தாமதம். இரண்டாவது விமானம் நான் இறங்குவதற்கு முன்பே கிளம்பிவிட்டது. இரண்டும் ஒரே டிக்கெட், ஃபுல் சர்வீஸ். இறங்கி வெளியே வரும்போதே கேட் வாசலில் ஓர் ஊழியர் என் பெயரைக் கேட்டு, புது போர்டிங் பாஸைக் கையில் கொடுத்தார். அவர்களுடைய கூட்டாளி நிறுவனத்தின் விமானம், மூன்று மணி நேரம் கழித்து. டூல்பாக்ஸ் என்னோடு அதே விமானத்தில் வந்து சேர்ந்தது. நான் ஒரு வார்த்தை வாதாடவில்லை.

இன்னொரு முறை என் சொந்தப் பயணம், இரண்டு பட்ஜெட் நிறுவனங்களில் தனித்தனி டிக்கெட். அதே மாதிரி முதலாவது தாமதம். இரண்டாவது நிறுவனத்தின் கவுன்ட்டரில், "செக்-இன் மூடிவிட்டது சார், நீங்கள் வராத பயணி" என்றார்கள். முதல் விமானம் தாமதம் என்றேன். "அது எங்கள் விமானம் இல்லையே" என்றார்கள். அவர்கள் சொன்னதில் தப்பே இல்லை. அவர்கள் விற்றது இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்கு ஒரு சீட், அவ்வளவுதான். அந்த வழியில் அவர்களின் அடுத்த விமானம் இரண்டு நாள் கழித்துத்தான். புது டிக்கெட், விடுதி எல்லாம் என் பையிலிருந்து.

தனித்தனி டிக்கெட்டில் இன்னொரு வில்லங்கம் உண்டு. பெட்டி கடைசி ஊர் வரை தானாகப் போகாது. இடையில் இறங்கி, குடிவரவைத் தாண்டி வெளியே வந்து, பெல்ட்டில் பெட்டியை எடுத்து, மறுபடி கவுன்ட்டரில் கொடுக்க வேண்டும். இடையில் இருப்பது வெளிநாடு என்றால் வெளியே வர விசா வேண்டியிருக்கும். விசா இல்லாவிட்டால் டிக்கெட் இருந்தும் முதல் விமானத்திலேயே ஏற்ற மறுக்கலாம். டிக்கெட் விற்கும் தளங்கள் சில இப்படி இரண்டு தனி டிக்கெட்டுகளைக் கோத்து ஒரே பயணம் மாதிரி காட்டுகின்றன. 'செல்ஃப் டிரான்ஸ்ஃபர்' என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தால் அங்கேயே நின்று யோசியுங்கள்.

சட்டம் மட்டும் பட்ஜெட், ஃபுல் சர்வீஸ் இரண்டையும் ஒன்றாகத்தான் பார்க்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு விதிப்படி விமானம் ரத்தாகி இரவு தங்க நேர்ந்தால் விடுதியும் சாப்பாடும் தர வேண்டும், காரணம் வானிலையாக இருந்தாலும் சரி, நிறுவனம் பட்ஜெட்டாக இருந்தாலும் சரி. 1999-ஆம் ஆண்டு மான்ட்ரியல் ஒப்பந்தம் பெட்டிகளுக்கு. பெட்டி உடைந்து வந்தால் கையில் கிடைத்த 7 நாளுக்குள், தாமதமாக வந்தால் கிடைத்த 21 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். என் டூல்பாக்ஸின் பூட்டு ஒரு முறை நெளிந்து வந்தபோது விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே அறிக்கை எழுதி வாங்கிவிட்டேன். அது ஃபுல் சர்வீஸ் விமானம். பெட்டியைத் தூக்கி எறிவதில் யாரும் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. வித்தியாசம் புகாருக்குப் பிறகு. ஒரு இடத்தில் மனிதக் குரல் கிடைத்தது, இன்னொரு இடத்தில் சாட்பாட் "நான் உங்களுக்கு எப்படி உதவலாம்" என்று சுற்றிச் சுற்றி வந்தது.

ஏழெட்டு மணி நேரத்துக்கு மேல் போகிற பட்ஜெட் பயணத்தை நான் பொதுவாகத் தவிர்ப்பேன். உடம்புக்கு ஆகாது என்பது பாதிக் காரணம். தரையில் நேரத்தைக் குறைத்துச் சம்பாதிக்கிற வித்தை, பத்து மணி நேரம் பறக்கிற விமானத்தில் பெரிதாகப் பலிப்பதில்லை. எரிபொருள்தான் அங்கே எல்லாவற்றையும் விழுங்கும், அது இரண்டு பேருக்கும் ஒரே விலை. நார்வேயின் பட்ஜெட் நிறுவனமான நார்வீஜியன் 2013-இல் ஆரம்பித்த நெடுந்தூரச் சேவையை 2021-இல் கைவிட்டது. ஐஸ்லாந்தின் வாவ் ஏர் 2019 மார்ச்சில் ஒரே காலையில் மூடப்பட்டது, டிக்கெட் வைத்திருந்தவர்கள் அங்கங்கே மாட்டிக்கொண்டார்கள். தாய் நிறுவனம் பலமாக இருக்கிற ஸ்கூட் மாதிரி சில விதிவிலக்குகள் உண்டு, அது சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் பிள்ளை.

ஃபுல் சர்வீஸில் எனக்குப் பிடிக்காதது ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நள்ளிரவு இரண்டு மணிக்குக் கிளம்பும் விமானத்தில் தூங்கப்போகிறவனை எழுப்பிச் சுடச்சுடச் சாப்பாடு கொடுப்பது. வேண்டாம் என்றாலும் தட்டின் ஓசையும் விளக்கும் விடாது. பட்ஜெட்டில் அந்த நேரத்தில் யாரும் வாங்க மாட்டார்கள், நிம்மதியாகத் தூங்கலாம்.

இப்போதைக்கு நான் வைத்திருக்கும் வழக்கம் இது. நேர் விமானம், மூன்று மணி நேரத்துக்குள், முதுகுப்பை மட்டும் என்றால் யோசிக்காமல் பட்ஜெட். டூல்பாக்ஸ் இருந்தாலோ, இடையில் மாற வேண்டியிருந்தாலோ, மறுநாள் காலை தொழிற்சாலையில் எனக்காக ஆட்கள் காத்திருந்தாலோ ஃபுல் சர்வீஸ், அதுவும் ஒரே டிக்கெட்டில். பட்ஜெட்டில் போகும்போது நாளின் முதல் விமானத்தைத்தான் பிடிப்பேன். பல இடங்களில் அந்த விமானம் இரவு அங்கேயே நின்றிருக்கும், முந்தைய ஊரின் தாமதத்தைச் சுமந்து வர வேண்டியதில்லை. அதுவே மாலைக்குள் நாலைந்து ஊர் சுற்றிவிடும், ஒவ்வொரு ஊரிலும் பதினைந்து நிமிடம் போனால் கடைசி விமானத்தில் ஏறுகிறவர்கள் தலையில்தான் எல்லாம் விடியும். அதிகாலை மூன்று மணிக்கு எழுப்பினால் பிள்ளைகள் என்னைத் திட்டுகிறார்கள், திட்டட்டும்.