ஹீலா செல் வாங்குகிறீர்களா? பாசேஜ் எண்ணைக் கேளுங்கள்

வளர்ப்பதற்கு எவ்வளவு சுலபம் என்று மட்டும் பார்த்தால் ஹீலாவுக்கு (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய் செல்) ஐந்துக்கு ஐந்து. திரவ நைட்ரஜனிலிருந்து எடுத்து உருக்கி ஃபிளாஸ்கில் விட்டால் மறுநாளே ஒட்டிப் படர ஆரம்பித்துவிடும். கிட்டத்தட்ட ஒரு நாளில் இரட்டிக்கும். புதிதாகச் சேர்ந்த எம்.எஸ்சி. பிள்ளைகள் கையிலும் சாகாது. செல்லைவிட அதற்கு ஊற்றும் சீரம்தான் கையைக் கடிக்கும்.

ஆனால் வந்த குப்பியில் பாசேஜ் எண், அதாவது செல்களை எத்தனை முறை புது ஃபிளாஸ்குக்கு மாற்றி வளர்த்தார்கள் என்ற கணக்கு, இல்லை. விற்றவருக்குப் போன் போட்டால், "ஹீலாதானே மேடம், எல்லாம் ஒண்ணுதான்" என்றார். சரிதான்! ஒன்றாக இருந்தால் நான் ஏன் கேட்கிறேன்?

1951இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், ஹென்ரியட்டா லாக்ஸின் கருப்பைவாய்ப் புற்றுக்கட்டியிலிருந்து அவரிடம் கேட்காமலே எடுத்த செல்கள் இவை. கருப்பைவாய்ப் புற்றை உண்டாக்கும் எச்.பி.வி. 18 வைரஸின் டி.என்.ஏ. இவற்றின் 8ஆம் குரோமோசோமில் செருகிக் கிடக்கிறது. அந்த வைரஸின் ஈ6 புரதம், டி.என்.ஏ. பழுதானால் செல்லை நிறுத்தும் பி53 புரதத்தை அழிக்கிறது. ஈ7 புரதம், செல் பிரிவதற்குப் பிரேக் போடும் ஆர்பி புரதத்தை முடக்குகிறது, போதாததற்குக் குரோமோசோம்களைப் பங்கிட உதவும் சென்ட்ரோசோமின் எண்ணிக்கையையும் குழப்புகிறது. டி.என்.ஏ. உடைந்தாலும் நிறுத்திச் சரிபார்க்க ஆளில்லை. செல் பிரியும்போது குரோமோசோம்கள் சமமாகப் பங்காவதும் இல்லை. இயல்பான மனித செல்லில் 46 என்றால் இதில் 76 முதல் 80 வரை சர்வசாதாரணம். எங்கள் ஸ்லைடில் பக்கத்துப் பக்கத்து செல்லே ஒரே எண்ணிக்கை காட்டவில்லை. 13 ஆய்வகங்களின் 14 ஹீலா மாதிரிகளை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2019இல் வந்தது. மரபணு நகல்கள், புரத அளவு, வளரும் வேகம் எல்லாமே மாதிரிக்கு மாதிரி மாறியிருந்தன.

எஸ்.டி.ஆர். (செல்லின் டி.என்.ஏ. அடையாளச் சோதனை) சான்றிதழ் இருக்கிறதே என்பார்கள். அது ஹீலாதான் என்று சொல்லும். எவ்வளவு மாறிப்போன ஹீலா என்று சொல்லாது.

டிரான்ஸ்ஃபெக்‌ஷன் (செல்லுக்குள் வெளி மரபணுவைச் செலுத்துவது) பழக, புரதம் எடுக்க, தாராளமாக வாங்கலாம். மருந்து அளவு ஒப்பிடவோ குரோமோசோம் பார்க்கவோ என்றால், வந்தவுடனே நிறையக் குப்பிகள் உறையவைத்து, சில பாசேஜுக்கு ஒருமுறை புதிது எடுங்கள். எச்.பி.வி. வேலைக்கு ஹீலாவை மட்டும் நம்பாமல், எச்.பி.வி. 16 உள்ள சிஹா, வைரஸ் இல்லாத சி33ஏ என்ற மற்ற கருப்பைவாய்ப் புற்று செல்களையும் கூட வையுங்கள். (சி33ஏவிலும் பி53 பழுதுதான், அது தனிக்கதை.)

செல்லுக்கு நான்கு நட்சத்திரம், விற்றவருக்கு ஒன்று. பாசேஜ் எண் எழுதி அனுப்புகிற வேறு இடத்தில் அடுத்த ஆர்டர் போட்டாயிற்று.