நோயாளி போர்ட்டல்: நாள்பட்ட நோய்க்காரர் கையில் தேறுமா?

சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு என்று வருடக்கணக்கில் மருத்துவமனைக்குப் போய்வருகிறவர்களை இப்போது ஆன்லைன் போர்ட்டலில் சேர்த்துவிடுகிறார்கள். லேப் ரிசல்ட் பார்க்கலாம், மருந்துச் சீட்டைப் புதுப்பிக்கக் கேட்கலாம், மருத்துவருக்குச் செய்தி அனுப்பலாம். பெயரும் நிறமும் மாறுமே தவிர, உள்ளே இருப்பவை பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் ஒரு போர்ட்டலை மட்டும் எடுத்துக்கொள்ளாமல், இந்த வகைச் சேவையையே எடைபோட்டிருக்கிறோம். திரையில் வரும் மொழி வராதவர், கண் மங்கியவர், பட்டன் போனிலிருந்து இப்போதுதான் மாறியவர் ஆகியோரை மனதில் வைத்தே மதிப்பெண் போட்டிருக்கிறோம்.

மதிப்பெண் பறிபோகும் முதல் இடம் பதிவுப் பக்கம். மருத்துவமனைப் பதிவேட்டில் இருப்பது பழைய எண்ணாகவோ மகனின் எண்ணாகவோ இருக்கும். ஓடிபி அந்தப் போனுக்குப் போகும்; மகன் பார்த்துச் சொல்வதற்குள் காலாவதியாகிவிடும். பெயரின் எழுத்தும் பிறந்த தேதியும் பதிவேட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் 'விவரம் பொருந்தவில்லை' என்று வரும், எது பொருந்தவில்லை என்று மட்டும் சொல்லாது. கணவன் மனைவி இருவருக்கும் ஒரே மின்னஞ்சல் என்றால் பல போர்ட்டல்களில் இரண்டாவது கணக்கே திறக்காது. ஆக, போனைக் கையில் எடுக்கும் முன்பே வரவேற்பு மேசையில் எண், பெயர், தேதி, மின்னஞ்சல் நான்கையும் சரிபார்த்துத் திருத்தச் சொல்லுங்கள். பாஸ்வேர்டுக்குப் பதில் கைரேகை வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். வயதானவர்களுக்கும் கைவேலை செய்கிறவர்களுக்கும் ரேகை தேய்ந்திருக்கலாம், பல நேரம் திறக்காது. போனைத் திறக்கப் போடும் ரகசிய எண்ணே (PIN) அவர்களுக்குத் தோது.

போர்ட்டலைக் கற்றுக்கொடுக்க வருகிறவர் போனை வாங்கித் தானே தட்டிக் காட்டினால் எதுவும் மனதில் நிற்காது. நோயாளியின் போன், நோயாளியின் விரல். நமக்கு வாய் மட்டும்தான் வேலை. முடிந்ததும் "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். வெளியே வந்து மறுபடி உள்ளே போய், போன முறை எடுத்த ரிசல்ட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

போர்ட்டலில் நல்ல வசதி எது என்று கேட்டால், யாருமே எடுத்துச் சொல்லாத ஒன்றைத்தான் காட்டுவோம்: குடும்பத்தில் ஒருவருக்குத் தனி லாகின் கொடுத்து, நோயாளியின் கணக்கைப் பார்க்க அனுமதிப்பது. பெரும்பாலான வீடுகளில் பாஸ்வேர்டையே பகிர்ந்துகொள்கிறார்கள். மகள் அனுப்பிய செய்தியை அம்மா எழுதியதாக நினைத்து மருத்துவர் பதில் போடுவார். அறிகுறியைச் சொன்னது யார் என்று அவருக்குத் தெரியாது. தனி லாகினில் இந்தக் குழப்பம் இல்லை, வேண்டாமென்றால் திரும்பப் பெறவும் முடியும். ஆனால் இதைக் கொடுக்கலாமா என்று நோயாளியைத் தனியாக வைத்துக் கேளுங்கள். எல்லா ரிசல்ட்டையும் வீட்டார் பார்ப்பதை எல்லோரும் விரும்புவதில்லை.

ரிசல்ட் பக்கம் பாதி வரம், பாதி வம்பு. மூன்று மாதச் சர்க்கரை அளவான ஹெச்பிஏ1சி 6.8 என்று வந்தால் சிவப்பு அடையாளம் விழும், ஏனென்றால் லேப் 5.7-க்குக் கீழே இருப்பதைத்தான் சரி என்கிறது. சர்க்கரை நோயாளிகள் பலருக்கு மருத்துவர் வைக்கும் இலக்கே 7-ஐ ஒட்டியதுதான், 6.8 அவர்களுக்கு நல்ல செய்தி. மருத்துவர் பார்ப்பதற்கு முன்பே ரிசல்ட் வந்துவிடும் போர்ட்டல்களில், இந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு மாத்திரையைத் தானே கூட்டிக்கொள்கிற ஆபத்து இருக்கிறது. ஒற்றை எண்ணை விட்டுவிட்டு, பழைய அளவுகளோடு சேர்த்து ஏற்ற இறக்கத்தைக் காட்டும் வரைபடத்தைத் திறக்கப் பழக்குங்கள். சிறுநீரகம் ரத்தத்தை எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இஜிஎஃப்ஆர் அளவும் அப்படியே: 60-க்குக் கீழே ஒருமுறை போனதை மட்டும் வைத்து நாள்பட்ட நோய் என்று சொல்வதில்லை, குறைந்தது மூன்று மாதம் அப்படியே நீடிக்கிறதா என்று பார்ப்பார்கள். வெளி லேபில் எடுத்த ரிப்போர்ட்டை ஏற்றினால் அது வெறும் கோப்பாகக் கிடக்கும், வரைபடத்தில் சேராது. ஸ்கேன் செய்த படமாக இருந்தால் பார்வையற்றோரின் திரைவாசிப்பானும் அதைப் படிக்கத் திணறும்.

வீட்டில் எடுக்கும் பி.பி.யைப் பதிவதில் ஒரு தவறு அடிக்கடி நடக்கும். கருவியில் மூன்று எண்கள் தெரியும், மூன்றாவது நாடித்துடிப்பு. 138, 84, 72 என்று காட்டினால், 84 இருக்க வேண்டிய கீழ்ப் பெட்டியில் 72 போய் உட்கார்ந்துவிடும், மருத்துவரின் திரையில் 138/72 என்று அழகாகத் தெரியும். கருவியின் மேலேயே முதல் இரண்டு எண்களுக்கு நேராக ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் தீர்ந்தது. ஐந்து நிமிடம் அமர்ந்துவிட்டு, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து, இரண்டையும் பதிய வேண்டும். இன்னொன்று: இரவில் 190 என்று பதிந்தால் யாரோ பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நம்பிவிடக் கூடாது. பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல் என்றால் போர்ட்டல் பக்கமே போகாமல் அவசர உதவியை அழைக்க வேண்டும்.

மருந்து புதுப்பிக்கும் பட்டனை அழுத்தினால் கோரிக்கைதான் போகிறது, மருந்து வந்துவிடாது. மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கிறது என்று எழுதி, தீர ஒரு வாரம் இருக்கும்போதே அனுப்புங்கள்.

மொழி விஷயத்தில் ஏமாற்றம்தான். மெனுவை மட்டும் மொழிபெயர்த்துவிட்டு, மருத்துவரின் குறிப்பையும் மருந்து சாப்பிடும் முறையையும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அதைத் தானியங்கி மொழிபெயர்ப்பில் போட்டு அளவைத் தெரிந்துகொள்வது ஆபத்து. மொழிபெயர்ப்பாளரை வைத்து மருந்தாளுநரிடமே கேட்டு உறுதி செய்யுங்கள்.

ஐந்துக்கு மூன்று. வரைபடத்துக்கும் குடும்ப லாகினுக்கும் அந்த மூன்று. பதிவுப் பக்கமும் மொழியும் மீதியைத் தின்றுவிட்டன. போனோ இணையமோ இல்லாதவர்கள் மீது இதைத் திணிக்க வேண்டாம், அவர்களுக்கு அச்சிட்ட ரிப்போர்ட்டும் தொலைபேசியும் தொடர வேண்டும். போர்ட்டல் வந்துவிட்டது என்று அந்த இரண்டையும் நிறுத்திய மருத்துவமனை என்றால் ஒரு மதிப்பெண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள்.