பெயிண்ட் அடிக்கும் முன் பாருங்கள்: பழைய டிராக்டர் பிளேடைப் பலப்படுத்தக் கொடுப்போருக்கு ஓர் எச்சரிக்கை

கோத்தகிரி, குன்னூர் சுற்றுவட்டாரத்தில் பழைய டிராக்டர் பிளேடு (டிராக்டரில் மாட்டி மண்ணைத் தள்ளி ஒதுக்கும் இரும்புப் பலகை) ஒன்றை வாங்கிப் பலப்படுத்தி, மழைக்காலத்துக்கு முன் தயாராக வைத்துக்கொள்ள நினைக்கும் சிறு தேயிலை விவசாயிகளுக்காக இதை எழுதுகிறேன். சமவெளியில் உள்ள ஒரு வெல்டிங் பட்டறை எங்கள் பிளேடில் 10 மி.மீ. தகடு வைத்ததாகப் பில் போட்டுவிட்டு 5 மி.மீ. தகட்டை வைத்தது, விரிசல்களைப் பட்டி பூசி மறைத்தது, எல்லாவற்றின் மேலும் பளபளவென்று மஞ்சள் பெயிண்ட் அடித்து அனுப்பியது. முதல் மண்சரிவிலேயே பிளேடு கையை விரித்துவிட்டது.

எங்கள் தோட்டங்களுக்குப் போகும் சாலை, பல குடும்பங்கள் சேர்ந்து பராமரிக்கும் தனிப்பாதை. வடகிழக்குப் பருவமழையில் மேட்டுப்புறத்து மண் சரிந்து பாதையில் விழுவது இங்கே ஆண்டுதோறும் நடப்பதுதான். 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டம் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பறித்த கொழுந்து அன்றைக்கே தொழிற்சாலைக்குப் போய்ச் சேராவிட்டால் சூடேறிச் சிவந்து விலை போகாது. பொக்லைன் இயக்க நீலகிரியில் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் என்பதால், அது வரும்வரை காத்திருக்காமல் சிறு சரிவுகளையாவது நாமே ஒதுக்கிக்கொள்ளலாம் என்றுதான் டிராக்டரின் பின்னால் மாட்டும் ஆறடி பிளேடு ஒன்றைப் பழையதாக வாங்கினோம்.

விற்ற வியாபாரி, அது இமாச்சலப் பக்கம் பனி தள்ளிக்கொண்டிருந்த பிளேடு என்றும் அதிகம் தேயாதது என்றும் சொன்னார். தேயாததற்குக் காரணம் இருக்கிறது. புதிதாகப் பெய்த பனி ஒரு கன மீட்டருக்குச் சுமார் 100 கிலோதான் இருக்கும். மழையில் ஊறிய நம் செம்மண் அதே அளவுக்கு 1,800 கிலோவைத் தொடும், அதற்குள் கல்லும் வேரும் வேறு. ஆகவே பனிக்குப் போதுமான தகடு நமக்குப் போதாது என்பது தெரிந்தே, முதுகுப்பக்கம் பட்டைகள் வைத்துப் பலப்படுத்த வேண்டும் என்று முடிவு செய்தோம். வியாபாரியின் மீது எனக்குக் குறை இல்லை. விரிசல் இருந்த இரண்டு இடங்களையும் அவரே காட்டித்தான் விற்றார்.

பட்டறைக்காரரிடம் பேசியது இதுதான்: விரிசலின் இரு முனைகளிலும் துளை போட்டு, விரிசலை வி வடிவத்தில் கிரைண்டரால் தோண்டி, அடிவரை வெல்டிங் ஏற்ற வேண்டும், முதுகில் 10 மி.மீ. தகடு வர வேண்டும். அடிவாயில், அதாவது மண்ணில் உரசும் கீழ் ஓரத்தில், கம்பெனி கட்டிங் எட்ஜை (தேய்ந்தால் மாற்றக்கூடிய வெட்டுப் பட்டை) போல்ட் போட்டு மாட்ட வேண்டும். பிளேடைச் சாய்த்துத் திருப்பும் மூட்டில் பின் (இரும்பு முளை) மாட்டும் துளைகள் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்ததால் அவற்றை லேத்தில் கடைந்து புஷ் (உள்வளையம்) போட வேண்டும். பெயிண்ட் அடிப்பதற்கு முன் எங்களைக் கூப்பிட வேண்டும் என்பதையும் சொல்லியிருந்தோம். அவர் கூப்பிடவில்லை. வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, "அண்ணே, இனிமே பாறையே விழுந்தாலும் இதுக்கு ஒண்ணும் ஆகாது" என்று போனில் சொன்னார்.

பாறை விழவில்லை. முழங்கால் உயரத்துக்குச் சரிந்திருந்த மண்ணில், தேங்காய் அளவுக் கல் ஒன்றில் பிளேடின் இடது மூலை தட்டியதும் அடிவாய்ப் பட்டை ஒரு முழ நீளத்துக்கு முறிந்து விழுந்தது. முறிந்த இடம் வெல்டிங் கோடு அல்ல, அதை ஒட்டிய இரும்பு. உள்ளே பழைய துரு படிந்த கரும்பகுதியும் புதிதாக மின்னும் பகுதியும் தனித்தனியாகத் தெரிந்தன. அதாவது, பட்டறையை விட்டுக் கிளம்பும்போதே அதில் பாதி பிளந்திருந்தது. போல்ட் போட வேண்டிய கட்டிங் எட்ஜுக்குப் பதிலாக, பழைய லாரியின் கமான் பட்டையை (சக்கரத்துக்கு மேல் இருக்கும் வில் பட்டை) வெட்டி நேராக வெல்டிங் வைத்திருந்தார்கள். கமான் பட்டை கார்பன் கூடிய ஸ்பிரிங் எஃகு. அதை முன்கூட்டியே நன்றாகச் சூடாக்காமல் வெல்டிங் வைத்தால், வேகமாக ஆறும்போது வெல்டிங் கோட்டின் ஓரம் கண்ணாடிபோல நொறுங்கும் தன்மைக்கு மாறிவிடும். ஈரம் ஏறிய வெல்டிங் ராடு என்றால் கேட்கவே வேண்டாம்: அதிலிருந்து இரும்புக்குள் இறங்கும் ஹைட்ரஜன், வேலை முடிந்து பல மணி நேரம் கழித்தும் விரிசல் விடச் செய்யும். அதனால்தான் இப்படிப்பட்ட வேலைக்கு ஹைட்ரஜன் குறைந்த 7018 என்ற வகை ராடை அடுப்பில் உலர்த்தி எடுத்து ஓட்டுவார்கள். இங்கே தரையில் திறந்து கிடந்த பெட்டியிலிருந்து சாதாரண 6013 ராடை எடுத்துத்தான் எல்லா வேலையும் நடந்திருக்கிறது. இதைப் பட்டறைக்காரரே பிற்பாடு ஒப்புக்கொண்டார், தவறென்று அல்ல, எல்லாரும் செய்வதுதான் என்று.

அதற்குப் பிறகு பெயிண்டைச் சுரண்டினோம். முதல் விரிசல் இருந்த இடத்தில் உளி பட்டதும் சாம்பல் நிறப் பட்டி விரல் கனத்துக்கு அப்படியே பெயர்ந்து வந்தது. துளையும் இல்லை, தோண்டலும் இல்லை; பழைய விரிசல் இருந்தபடியே இருந்தது. முதுகுத் தகட்டை நான்கு மூலைகளில் மட்டும் டேக் (பொட்டு வெல்டிங்) வைத்து, நடுவில் சும்மா விட்டிருந்தார்கள். கனம் அளக்கும் வெர்னியர் கருவி வைத்துப் பார்த்தால் 5 மி.மீ.; பில்லிலோ 10 மி.மீ. தகட்டுக்கான கிலோக் கணக்கு. திருப்பும் துளைகளைக் கடையவே இல்லை, அந்த மூட்டையே வெல்டிங்கால் அடைத்துப் பிளேடை நேராக இறுக்கிவிட்டிருந்தார்கள். சாய்க்க முடியாத பிளேடு மண்ணைப் பள்ளத்துப் பக்கம் ஒதுக்காது. முன்னும் பின்னும் இழுத்து அலைவதுதான் மிச்சம்.

தகட்டின் கனத்தைப் பெயிண்டுக்கு மேலிருந்தே கண்டுபிடிக்கத் தராசு போதும். இரும்பு ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மில்லிமீட்டர் கனத்துக்கும் 7.85 கிலோ. ஆறடி நீளமும் ஓரடி அகலமும் உள்ள 10 மி.மீ. தகடு ஏறக்குறைய 44 கிலோ வரும், 5 மி.மீ. என்றால் 22 கிலோ. பட்டறைக்குக் கொடுக்கும்போதும் திரும்பி வரும்போதும் பிளேடை எடைமேடையில் ஏற்றி இரண்டு சீட்டையும் வைத்துக்கொண்டால், வித்தியாசம் தானாகப் பேசும். பிளேடை டிராக்டரோடு இணைக்கும் பின்னையும் அளந்துவிடுங்கள். எங்கள் டிராக்டரின் பின்னால் பிளேடைத் தூக்கும் கீழ்க்கைகளுக்கு 28 மி.மீ. பின் வேண்டும், பட்டறையில் மாற்றி வைத்திருந்தது 22 மி.மீ. பின். சரிவில் ரிவர்ஸ் எடுக்கும்போது அது கழன்றிருந்தால் ஓட்டிய பையனின் கதி என்ன என்பதை நினைக்கவே முடியவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, மண்ணில் கல் இருக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை என்றார். நீலகிரி மண்ணில் கல் இருக்கும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன! எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். பதில் வராவிட்டால் ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருக்கிறோம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். சொந்தப் பிழைப்புக்காக வாங்கிய சேவை என்பதைக் காட்ட, தோட்டப் பட்டாவின் நகலையும் தொழிற்சாலை தரும் கொழுந்து ரசீதுகளையும் சேர்த்து வைத்திருக்கிறோம். முறிந்த பட்டையையும் பெயர்ந்த பட்டித் துண்டுகளையும் கழுவாமல் சாக்கில் கட்டி வைத்திருக்கிறோம். அடிவாரத்தில் பிளேடு வேலைக்குக் கொடுத்துவிட்டு இன்னும் எடுத்து வராதவர்கள், பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்குள் ஒரு நடை போய்ப் பார்த்துவிடுங்கள்.