மெம்டெஸ்ட்86+: ராம் மேல் பழி போடுவதற்கு முன்

பத்து நாளைக்கு ஒருமுறை நீலத்திரை காட்டும், இல்லையென்றால் ஒன்றுமே சொல்லாமல் அணைந்து தானாக மறுபடி ஆன் ஆகும். பழுது பார்ப்பதில் இந்த மாதிரி கம்ப்யூட்டர்தான் பெரிய தலைவலி. கடையில் கொண்டுபோய் வைத்தால் மூன்று நாளும் சமர்த்தாக ஓடும். "ஓஎஸ் மாத்திக் குடுத்தர்றனுங்க, சரியாப் போயிரும்" என்று விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்த நாலாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி.

இந்த வகைப் பழுதுக்குக் காசு செலவழிப்பதற்கு முன் ஓட்டிப் பார்க்க வேண்டியது மெம்டெஸ்ட்86+. இலவசம், ஓப்பன் சோர்ஸ், சில எம்பி அளவுதான். விண்டோஸ் வழியாகப் போகாமல் நேராக பென் டிரைவிலிருந்து பூட் ஆகி (அதாவது கம்ப்யூட்டரைத் தானே கிளப்பி) ராமை மட்டும், ஓடும் நிரல்களைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகத்தை மட்டும், சோதிக்கும். அதன் பெரிய பலமே இதுதான். இது ஓடும்போது டிரைவர் இல்லை, வைரஸ் இல்லை, அப்டேட் இல்லை. இதில் பிழை வந்தால் ஓஎஸ்ஸைக் குறை சொல்ல யாருக்கும் வழியில்லை. ஆனால் பிழை வராவிட்டால் என்ன அர்த்தம் என்பதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கொங்கு நாட்டு வீடுகளில் அதற்கு அடுத்துப் பார்க்க வேண்டியவை கரண்டும் பஞ்சும். அதைக் கீழே சொல்கிறோம்.

பெயர்க் குழப்பம் ஒன்று உண்டு. 'பிளஸ்' இல்லாத மெம்டெஸ்ட்86 வேறு நிரல். அது பாஸ்மார்க் நிறுவனத்துடையது, இலவசப் பதிப்பில் நாலு பாஸோடு (எல்லாச் சோதனையும் ஒரு சுற்று முடிந்தால் ஒரு பாஸ்) நின்றுவிடும். நாம் பேசுவது பிளஸ் உள்ளதை. இது பல வருடம் தூங்கிக் கிடந்து, 2022 அக்டோபரில் 6.00 பதிப்பாகப் புதிதாக எழுதப்பட்டு வந்தது. அதற்கு முந்தைய 5.01ஐ இன்னும் சிலர் பழைய சிடியில் வைத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். யூஇஎஃப்ஐ (கம்ப்யூட்டரைக் கிளப்பும் புதுவகை நிரல்) மட்டும் உள்ள புது மதர்போர்டுகளில் அது பூட்டே ஆகாது. விண்டோஸோடு வரும் மெமரி டயக்னாஸ்டிக் சட்டென்று ஒரு பார்வை பார்க்கச் சரி. அது 'பிழை இல்லை' என்று சொன்ன ராமில் இது பிழை காட்டுவது சகஜம்.

ஓட்டுவதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி விண்டோஸின் பதிவேட்டைப் படியுங்கள். ஸ்டார்ட்டில் 'ரிலையபிலிட்டி' என்று தேடினால் நாள்வாரியாகச் சிவப்புக் குறிகள் வரும். ஈவண்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று இருந்தால் பயப்பட வேண்டாம். முறையாக ஷட் டவுன் ஆகவில்லை என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் இல்லை, காரணத்தை அது சொல்லாது. அதற்குள் இருக்கும் பக்செக் கோடு 0 என்றால், நீலத்திரை எழுதக்கூட நேரமில்லாமல் மின்சாரம் போயிருக்கிறது, அல்லது அப்படியே உறைந்து நின்றிருக்கிறது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயரில் நீலத்திரை வந்தால், இன்று மெமரி மேனேஜ்மென்ட், நாளை பேஜ் ஃபால்ட் என்றால், ராம் மேல் சந்தேகம் கூடும். எப்போதும் ஒரே பெயர், ஒரே டிரைவர் ஃபைல் என்றால் முதலில் அந்த டிரைவரைக் கவனியுங்கள். 'டபிள்யூஎச்இஏ' என்று தொடங்கும் பதிவுகள், பிராசசரோ அதைச் சேர்ந்த ஹார்டுவேரோ தானே கொடுத்த புகார்.

பென் டிரைவ் தயாரிப்பது சுலபம். மேசை டிராயரில் கிடக்கும் 1 ஜிபி டிரைவே போதும். அதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. பூட் மெனு எடுக்க ஏசஸ் போர்டில் எஃப்8, எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக்கில் எஃப்11, கிகாபைட், டெல், லெனோவோவில் எஃப்12, எச்பியில் எஃப்9. செக்யூர் பூட் (அங்கீகாரமில்லாத நிரலை பூட் ஆக விடாத காவல்) ஆன் ஆகியிருந்தால் பூட் ஆக மறுக்கலாம், அப்போது பயாஸில் (போர்டின் செட்டிங் திரையில்) அதை அணைக்க வேண்டும். அணைப்பதற்கு முன் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) ஓடுகிறதா என்று பார்த்து, ரெக்கவரி கீயை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ராமைச் சோதிக்கப் போய் சொந்த ஃபைல்களுக்கு வெளியே நிற்க வேண்டி வரும்.

ஓட ஆரம்பித்ததும் நாம் செய்ய ஒன்றுமில்லை. முதல் பாஸ் சுருக்கமானது. அது முடிந்து பச்சையில் 'பாஸ்' வந்தவுடன் பென் டிரைவைப் பிடுங்குவது பாதி வேலை. எப்போதாவது வரும் பழுதுக்குக் குறைந்தது நாலு பாஸ் வேண்டும். 16 ஜிபி ராமுக்கு, வேகத்தைப் பொறுத்து, ஒரு பாஸே ஒன்றிரண்டு மணி நேரம் இழுக்கும். ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் போட்டுவிட்டால் காலையில் முடிவு இருக்கும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிழை எண்ணிக்கை விஷயத்தில் சமரசம் கிடையாது. எட்டு மணி நேரத்தில் ஒன்றே ஒன்று வந்தாலும் அது பிழைதான். ஆனால் பிழை வந்ததும் ராம் செத்துப்போச்சு என்று முடிவு கட்டுவதும் தப்பு. முதலில் பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ (ராமை அச்சிட்ட வேகத்தில் ஓட்டும் செட்டிங்) ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். 3200 என்று அச்சிட்ட டிடிஆர்4 ராம் குச்சிகளில் பல, அந்த வேகத்தை 1.35 வோல்ட்டில், எக்ஸ்எம்பி போட்டால்தான் எட்டும். அது ஒருவகையில் ஓவர்கிளாக்தான், சாதாரண வேகத்தை மீறி ஓட்டுவது. அதை அணைத்து 2133லோ 2666லோ மறுபடி ஓட்டிச் சுத்தமாக வந்தால், ராம் நல்லதாகவே இருக்கலாம், அந்த வேகத்தை உங்கள் போர்டும் பிராசசரும் தாங்கவில்லை. 3200க்குப் பதில் 3000 வைத்து ஓட்டிக்கொள்ளலாம், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.

அணைத்த பிறகும் பிழை வந்தால் இனி குச்சி குச்சியாகப் பிரிக்க வேண்டும். பவர் கார்டைக் கழற்றி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்சக் கரண்டைத் தீர்த்துவிட்டு, ஒரு குச்சியை மட்டும் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட்டில் (பெரும்பாலான நாலு ஸ்லாட் போர்டுகளில் அதுதான் ஏ2) போட்டு ஓட்டுங்கள். பிறகு அடுத்த குச்சி, பிறகு அடுத்த ஸ்லாட். ஒரு குச்சி எந்த ஸ்லாட்டில் போட்டாலும் பிழை காட்டினால் குற்றவாளி குச்சி. எந்தக் குச்சி போட்டாலும் ஒரே ஸ்லாட்டில்தான் பிழை என்றால் ஸ்லாட், அல்லது பிராசசர் சாக்கெட்டில் வளைந்த பின், அல்லது ஒரு பக்கம் மட்டும் இறுக்கி முடுக்கிய கூலர். தனித்தனியாக எல்லாம் பாஸாகி, சேர்த்துப் போட்டால் மட்டும் பிழை என்றால், அது வேறு வேறு சமயத்தில் வாங்கிய ஜோடி சேராத குச்சிகளின் கதை. பழைய 8 ஜிபியோடு புதிதாக ஒரு 8 ஜிபி வாங்கிச் சொருகிய கம்ப்யூட்டர்களில் இது அடிக்கடி நடக்கும்.

கழற்றியதுதான் கழற்றினோம், தங்க முலாம் பூசிய கால்களைத் துடைத்துவிடுவது நல்லது. பள்ளிக்கூட ரப்பரால் தேய்ப்பது நம் ஊர்க் கடைகளில் பரம்பரை வைத்தியம். வேலை செய்யும், ஆனால் முலாம் தேயும், ரப்பர்த் துகள் ஸ்லாட்டுக்குள் போகும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணி போதும். துடைத்துச் சொருகியதுமே பழுது மறைந்தால் புது ராம் வாங்கும் காசு மிச்சம்.

இனி இதன் குறைகள். மெம்டெஸ்ட்86+ ஓடும்போது கிராபிக்ஸ் கார்டு சும்மா இருக்கும், டிஸ்க்கும் சும்மா இருக்கும். எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி) மேல் பெரிய சுமை இல்லை. ஆகவே கேம் ஆடும்போது மட்டும், வீடியோ ரெண்டர் செய்யும்போது மட்டும் திடீரென்று நின்றுபோய் விழும் கம்ப்யூட்டர் இதில் ராத்திரி முழுக்கப் பாஸாகும். அது ராமை விடுவிக்கிறது, மற்றவற்றை விடுவிக்கவில்லை. நேர்மாறாக, ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கும்போது மட்டும் உறையும் பழைய ரைசன் (ஏஎம்டி) பிராசசர்களும் உண்டு. அவற்றுக்கு பயாஸில் 'பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்' என்பதை 'டிபிகல் கரண்ட் ஐடில்' என்று மாற்றினால் போதும். இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர் என்றால் முதலில் பயாஸை அப்டேட் செய்யுங்கள். அதிக வோல்ட்டேஜால் அவை மெல்லச் சீரழிவதை 2024ல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு, மைக்ரோகோடு (பிராசசருக்குள் ஓடும் நிரல்) திருத்தமும் இரண்டு வருடக் கூடுதல் வாரண்டியும் கொடுத்தது. சீரழிந்ததை அப்டேட் மீட்காது, வாரண்டியில் மாற்றத்தான் வேண்டும்.

கரண்டுக்கு வருவோம். தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) இருக்கும் கம்ப்யூட்டர் எத்தனை மணிக்கு விழுகிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். மூணு பேஸ் கரண்ட் வரும் நேரத்தோடு அது ஒத்துப்போனால் ராமைத் தொடவே வேண்டாம். அந்த லைனில் உள்ள கிணற்று மோட்டார்கள் எல்லாம் ஆட்டோ ஸ்டார்ட்டரில் ஒரே மூச்சில் கிளம்பும், வோல்ட்டேஜ் ஒரு நொடி குழியில் விழும். ஒரு எஸ்எம்பிஎஸ் முழுச் சுமையில் கரண்ட் இல்லாமல் தாக்குப்பிடிப்பது ஏறத்தாழ 16 மில்லி செகண்ட்தான். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரு சுற்றே 20 மில்லி செகண்ட், அதாவது ஒரே ஒரு சுற்று போனாலும் கம்ப்யூட்டர் அணையலாம்.

"இன்வெர்ட்டர் இருக்குதுங்களே" என்பார்கள். இன்வெர்ட்டரின் பின்பக்கமோ பக்கவாட்டிலோ ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், யூபிஎஸ் ஒரு பக்கம், ஈகோ அல்லது நார்மல் மறுபக்கம். லைட், ஃபேனுக்காக ஈகோவில் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அந்த நிலையில் மெயின் வோல்ட்டேஜ் மிகவும் இறங்கினாலும் அப்படியே உள்ளே விடும், பேட்டரிக்கு மாறவும் நேரமெடுக்கும். யூபிஎஸ் பக்கம் தள்ளினாலே பாதிப் பேருக்குப் பிரச்சினை தீரும். சதுர அலை இன்வெர்ட்டர் என்றால், ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சுற்று) உள்ள நல்ல எஸ்எம்பிஎஸ்ஸோடு அது ஒத்துப்போகாமல் மாறும் நொடியில் அணையலாம். அங்கே சைன் அலை யூபிஎஸ்தான் வழி.

கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறதா? எர்த் இல்லை, அல்லது குழியில் கரியும் உப்பும் காய்ந்து கிடக்கிறது. எர்த் இல்லாத பிளக்கில் எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் கேபினட்டை மெயினில் பாதி, 115 வோல்ட் அளவுக்கு மிதக்க விடும். எலக்ட்ரீஷியனை வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு வோல்ட் என்றால் நல்லது, இரட்டை இலக்கத்தில் வந்தால் சரிசெய்தே ஆக வேண்டும்.

எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டிக்கரையும் படியுங்கள். கேபினட்டோடு சும்மா வந்ததில் 450 வாட் என்று பெரிதாகப் போட்டிருக்கும். 12 வோல்ட் கட்டத்தில் 14 ஆம்ப் என்று இருந்தால் கணக்கு 168 வாட்தான். கிராபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டருக்கு அது காணாது. ஓடும்போது மஞ்சள், கறுப்பு ஒயர்களுக்கு இடையே மல்டிமீட்டரில் 11.4லிருந்து 12.6க்குள் வர வேண்டும், சிவப்பு, கறுப்புக்கு 4.75லிருந்து 5.25. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள கெப்பாசிட்டர் அடிக்கும். காற்றுத் துளை வழியே டார்ச் அடித்துப் பார்த்தால் போதும். செத்த பல்லி தெரிந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

திருப்பூர், பல்லடம், சோமனூர் வட்டாரத்துக்குத் தனியாக ஒன்று. தறியும் பனியன் கம்பெனியும் உள்ள தெருவில் பஞ்சு வீட்டுக்குள் வராமல் இருக்காது. கூலர் ஃபேனுக்கும் அதன் கீழுள்ள அலுமினியத் தகடுகளுக்கும் இடையே அது கம்பளி மாதிரி படியும். மேலே பார்த்தால் ஃபேன் பளிச்சென்று சுற்றும், அடியில் காற்றே போகாது. சூட்டை அளந்து காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ நிரலில் லாகிங்கை (பதிவு செய்வதை) ஆன் செய்துவிட்டு வேலை பாருங்கள். விழுந்த பிறகு கடைசி வரிகளில் எத்தனை டிகிரி என்று இருக்கும். சூடு ஏறினால் பிராசசர் முதலில் வேகத்தைத்தான் குறைக்கும், சட்டென்று அணையாது. 90 டிகிரிக்கு மேல் தொடர்ந்து நின்று பிறகு விழுந்தால் கூலரைக் கழற்றிச் சுத்தம் செய்து புது தெர்மல் பேஸ்ட் வையுங்கள். தறிக்கூடத்துக் கம்ப்ரஸர் காற்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், ஆசையாகத்தான் இருக்கும். டாங்கில் தேங்கிய தண்ணீரை வடித்துவிட்டு, அழுத்தத்தைக் குறைத்து, ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு அடித்தால் பரவாயில்லை. சும்மா அடித்தால் ஃபேன் தன் வேகத்தை மீறிச் சுற்றி பேரிங் போகும், போர்டில் ஈரம் படியும்.

ராம்தான் குற்றவாளி என்று தெரிந்துவிட்டால், சிவப்பில் பிழை காட்டும் திரையை போனில் படமெடுத்து வையுங்கள். சர்வீஸ் சென்டரில் 'இங்க நல்லாத்தானே ஓடுதுங்க' என்ற பேச்சுக்கு அதுதான் பதில். பிராண்டு ராம்களுக்கு வாரண்டி நீண்ட காலம் இருக்கும். ஸ்டிக்கரைக் கிழிக்காமல், ரசீதோடு கொண்டுபோங்கள். ஜோடியாக வாங்கிய கிட் என்றால் நல்ல குச்சியையும் சேர்த்துக் கேட்பார்கள், கிட் மொத்தமாகத்தான் மாற்றப்படும். அது வந்து சேரும் வரை ஓட்ட ஒரு குச்சியை எங்காவது இரவல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.