எங்கள் குடியிருப்பின் எஸ்.டி.பி. பராமரிப்பு: ஐந்துக்கு நாலு

மிக்ஸிக்கும் பிரியாணிக்கும் ஊரே விமர்சனம் எழுதுகிறது, சாக்கடைக்கு ஒருவரும் எழுதுவதில்லை. எஸ்.டி.பி. என்பது எங்கள் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பிளான்ட். அசோசியேஷன் பொருளாளராக மாசாமாசம் அதன் பராமரிப்புக்கு செக் போடுகிறவள் நான். அதனால் எழுதுகிறேன்.

கோவை சூலூர் பக்கம் 120 வீடுகள். பாதாளச் சாக்கடை கிடையாது. பின்சுவரை ஒட்டி ஒரு ஓடைப் பள்ளம், அது போய்ச் சேருவது நொய்யல் ஆற்றில். வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்று வைத்தால் தினமும் ஏறக்குறைய 65,000 லிட்டர் புழங்குகிறோம். அதில் ஐந்தில் நாலு பங்கு கழிவாகத் திரும்பி, கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் இருக்கும் தொட்டிகளுக்கு வருகிறது.

முன்பு வேறொரு காண்டிராக்டர். கரண்ட் பில் குறைந்ததென்று அவரைப் புகழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. ராத்திரியில் தொட்டிக்குக் காற்று ஊதும் புளோயரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஏரேஷன் தொட்டியில் கழிவைத் தின்னும் பாக்டீரியாவுக்கு மூச்சே அந்தக் காற்றுதான். அது நின்றதால் விடியற்காலையில் அழுகின முட்டை நாற்றம். பைபாஸ் வால்வைத் திறந்து, சுத்திகரிக்காத கழிவை அப்படியே பள்ளத்தில் விட்டிருக்கிறார்கள். ஒரு சொட்டு மழையில்லாத மார்ச் மாதத்தில் பள்ளத்தில் கறுப்பாகத் தண்ணீர் ஓடினால் அது யார் வீட்டுத் தண்ணீர்?

இப்போதைய காண்டிராக்டரின் ஆபரேட்டர் தம்பி வந்த முதல் நாளே ஒரு லிட்டர் ஜாரில் தொட்டித் தண்ணீரை மொண்டு அரைமணி நேரம் ஆடாமல் வைத்தார். "பாருங்கம்மா, கசடு கீழ உக்காரவே மாட்டேங்குது. பாக்டீரியா எல்லாம் செத்துப்போச்சுங்க." நன்றாக ஓடும் வேறொரு பிளான்டிலிருந்து ஒரு லாரி கசடு கொண்டுவந்து, பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரி ஊற்றினார். மூன்று வாரம் ஆனது. இப்போது ஜாரில் 300 மில்லி அளவுக்குக் காப்பிப்பொடி நிறத்தில் கசடு படிகிறது, மேலே தெளிந்த தண்ணீர்.

பி.ஓ.டி. என்றால் என்னவென்று அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். கழிவைத் தின்று தீர்க்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் கணக்கு அது. வீட்டுச் சாக்கடையில் லிட்டருக்கு 200, 300 மில்லிகிராம் இருக்கும். நம் ஊர் வெயிலில் ஆற்றுத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனோ நல்ல நிலையிலேயே 8 மில்லிகிராம் அளவுதான். கழிவை அப்படியே விட்டால் நுண்ணுயிர்கள் ஆற்றில் வைத்து அதைத் தின்று அந்த ஆக்சிஜனைத் தீர்க்கும், மீனுக்கு மூச்சு முட்டும். அந்தத் தீனியைத் தொட்டிக்குள்ளேயே முடித்து அனுப்புவதுதான் இந்தப் பிளான்டின் வேலை. பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் சொன்ன அளவு 10 மில்லிகிராம். எங்கள் கடைசி லேப் ரிப்போர்ட் அதற்குள் வந்தது.

தெளிந்த தண்ணீர் பிளஷ் டேங்குக்கும் தோட்டத்துக்கும் போகிறது. அதில் மிச்சமிருக்கும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் நொய்யலுக்குப் போனால் ஆகாயத்தாமரையை வளர்க்கும். இங்கே எங்கள் செம்பருத்தி தின்று கொழுக்கிறது.

நொய்யல் என்றால் திருப்பூர்ச் சாயத்தைத் திட்டியே பழகிவிட்டோம். 2011இல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி ஐகோர்ட் உத்தரவு வந்தபோது நானும்தான் சந்தோஷப்பட்டேன். என் வீட்டுக் குளியலறைக் குழாய் எங்கே போகிறதென்று அப்போது எட்டிப் பார்த்ததில்லை.

ஒரு நட்சத்திரம் ஏன் குறைந்தது? ஞாயிற்றுக்கிழமை ஆள் கிடையாது. அன்றைக்கான ரீடிங்கைச் சனிக்கிழமையே லாக் புக்கில் எழுதி வைத்திருந்ததை நான் பிடித்தேன். கிருமி கொல்லப் போடும் ஹைப்போ என்கிற குளோரின் மருந்து சில நாள் தூக்கலாகி, கழிப்பறை நீச்சல்குளம் மாதிரி மணக்கிறது. நாப்கினும் வெட் வைப்ஸும் மோட்டாரில் சிக்குவது, தீபாவளிக்கு மறுநாள் பலகார எண்ணெய் தொட்டியில் மிதப்பது இதெல்லாம் அவர்கள் தப்பில்லை, எங்கள் 120 வீட்டுத் தப்பு.

செலவு வீட்டுக்கு மாதம் 350 ரூபாய், கரண்ட் தனி. இன்னொரு வருஷத்துக்குப் புதுப்பித்திருக்கிறோம். பைபாஸ் வால்வுக்குப் பூட்டுப் போட்டாயிற்று, சாவி என் பீரோவில்.